குடும்பத்தை அழிக்கப் பிறந்தவன்

எங்கள் குடும்பத்தை அழிக்கப்போகிறவன் நான்தான் என்று பத்து வயதில் உறுதியாக நம்பினேன். ஜோசியர் யாரும் கட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நாவல் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அத்தை உரக்கப் படிக்க, பக்கத்தில் படுத்துத் தூங்குவதுபோல நடித்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். தெருவில் மற்றப் பையன்கள் பேய்க்கும் கணக்கு வாத்தியாருக்கும் பயந்துகொண்டிருந்த காலத்தில் நான் என் பெயருக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

என் பெயர் ந. கோதண்டம். என் தாத்தா பெயரும் ந. கோதண்டம். அப்பாவுக்கு அவருடைய தாத்தா பெயர். ஆக எங்கள் வம்சத்துக்கு மொத்தமே இரண்டு பெயர்கள்தான். ஒன்று இனிஷியலாகச் சுருங்கினால் மற்றது முழுப்பெயராக நீளும். அடுத்த தலைமுறையில் இடம் மாற்றிக்கொள்ளும். தாத்தா போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம் நான் பிறந்தேன். பெயர் காலியாக இருந்தது. என்னைக் குடிவைத்துவிட்டார்கள்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டது அம்மா. மாமனார் பெயரை அவள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. வீட்டில் ‘சாமி’ என்று சமாளித்துவிடுவாள். வெளியே போனால்தான் வம்பு. எனக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளில் சீட்டு எழுதுகிற ஆள் கேட்டார்.

“பையன் பேரு இன்னாம்மா?”

“எங்க மாமனார் பேருதாங்க.”

“சரி, மாமனார் பேரு இன்னா?”

“இதோ இவன் பேருதாங்க.”

அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். காய்ச்சலோடு நானே எம்பி நின்று என் பெயரைச் சொன்னேன்.

அப்பாவுக்கு வேறு விதமான சங்கடம். செத்துப்போன அப்பா பெயரைச் சொல்லி ‘நாயே, பேயே’ என்று திட்ட அவருக்கு நாக்கு எழும்பாது. பெயரில்லாமல் ‘டேய் இவனே’ என்று ஆரம்பிப்பார். அதற்குள் கோபம் பாதி வடிந்துவிடும். பெயரால் எனக்கு விளைந்த ஒரே லாபம் அது. அத்தை மட்டும் ரொம்பச் சுலபமாக என்னை ‘யப்பா’ என்று கூப்பிடுவாள். அவளுடைய அப்பா பெயர்தானே? “யப்பா, கொஞ்சம் செருப்பை எடுத்தா”, “யப்பா, சளியைத் துடை” என்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகவில்லை. தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. அன்று மத்தியானம் மீன் குழம்புச் சாப்பாடு முடிந்ததும், வாடகை லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த தலையணை மாதிரியான புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். காதல் கதை அத்தைக்கு ஆகாது. துப்பறியும் கதை வேண்டவே வேண்டாம். ஒரு பெரிய வீடு இருக்க வேண்டும், கடைசிப் பக்கத்துக்குள் அது விழ வேண்டும். வங்காளமோ மலையாளமோ ருஷ்யாவோ, எந்த ஊர்க் கதை என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை.

எந்த ஊராக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். முதல் ஆள் கையில் ஒரு சொம்போடு வந்து இறங்குவான். காட்டைத் திருத்துவான், வீடு கட்டுவான். இரண்டாவது ஆள் அந்த வீட்டுக்கு மாடி எடுப்பான், எடுத்த மாடியில் உட்கார்ந்து காற்று வாங்குவான். அப்புறம் மூன்றாவது ஆள் பிறப்பான். அந்த இடம் வந்ததும் அத்தை விரலைப் பக்கத்துக்குள் செருகிக்கொண்டு அம்மாவைப் பார்ப்பாள்.

“வெச்சிட்டாங்க அண்ணி.”

“இன்னாத்த?”

“தாத்தா பேரை. இனிமே இந்த வூடு தேறாது, பாரு.”

தேறாது. ஒரு புத்தகத்தில்கூடத் தேறியதில்லை.

ஏன் எப்போதும் பேரனே மாட்டுகிறான் என்று இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். தாத்தாவை அழிக்க எழுதுகிறவருக்கு மனம் வராது, கதையை ஆரம்பித்துக் கொடுத்தவரே அவர்தான். மகனை அழித்தால் புத்தகம் பாதியில் நின்றுபோகும். பக்கம் தீருகிற சமயமாகப் பார்த்து வந்து பிறக்கிறவன் பேரன். பாவம், பைண்டிங் அட்டை அவன் தலையில் விழுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். அந்த நாவல்களில் குடும்பத்துக்கென்று ஒரு பெயர் இருக்கும். ருஷ்யக் கதை என்றால் அத்தை வாயில் நுழையாத ஒரு பெயர், மலையாளக் கதை என்றால் தறவாடு என்கிற பரம்பரை வீட்டின் பெயர். அது பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் என்று ஐம்பது பேர் தலையில் பகிர்ந்து உட்கார்ந்திருக்கும். வீடு விழுந்தால் பழியும் ஐம்பது பங்காகப் போகும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. விழுந்தால் கோதண்டம் என்ற ஒருவன் தலையில்தான் விழ வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதையோ அந்தப் புத்தகங்களைப் பார்த்து எழுதியதுபோல அப்படியே இருந்தது. தாத்தா முதல் ஆள். அடையாற்றங்கரையில் கத்திரிக்காய் போட்டு, சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டுபோய் பல்லாவரம் சந்தையில் விற்று, பொழிச்சலூரில் நிலம் வாங்கி, வீடு கட்டினார். அப்பா இரண்டாவது ஆள். மாடி எடுத்திருந்தார். சாயங்காலம் ஆனால் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போதெல்லாம் நான் கீழே சுவரில் விரிசல் தேடுவேன்.

மற்ற அறிகுறிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நாவல்களில் வீடு விழுவதற்கு முன்னால் கூடத்தில் மாட்டியிருக்கும் மூதாதையர் படம் ஒரு நாள் தானாகச் சாயும். எங்கள் வீட்டில் தினம் சாய்ந்தது. தலைக்கு மேலே தாழ்வாக ஒரு விமானம் போனால் போதும், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருக்கும் தாத்தா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துவிடுவார். அம்மா வந்து ஒட்டடைக் கோலின் நுனியால் நிமிர்த்துவாள். அவர் பெயரைச் சொல்ல மாட்டாள், ஒட்டடைக் கோலால் குத்துவாள்.

பிறகு மாட்டை விற்றார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. இவையெல்லாம் போகட்டும், என் சொந்த நடத்தையே சரியில்லை. மூன்றாவது ஆளுக்கென்று சில லட்சணங்கள் உண்டு: பட்டு ஜிப்பா, குதிரைப் பந்தயம், பிராந்தி, கடைசியில் இருமல். ஜிப்பா என்னிடம் இல்லை. ஆனால் ஒரே மத்தியானத்தில் என் கோலிகள் அத்தனையையும் தோற்றுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைக்குட்டை கிடையாது, சட்டைக் கையில் பார்த்தேன். ஐஸ் குச்சியின் சிவப்பு இருந்தது. அதை நான் நம்பவில்லை.

பெயரை மாற்றிவிட்டால் தப்பிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ராஜேஷ் என்று வைத்துக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குப் பரம சந்தோஷம். என்னைக் கூப்பிட முடியும் அல்லவா? ஆனால் அப்பா காதில் விழுந்தது. “டேய் இவனே, எங்கப்பன் பேரு உனக்குக் கசக்குதா?” என்று ஆரம்பித்து, அப்பன் பேச்சு வந்துவிட்டதால் கண் கலங்கி நிறுத்திவிட்டார். ராஜேஷ் அன்றைக்கே செத்தான்.

என் கோலிகளை ஜெயித்தவன் பக்கத்துத் தெரு வாத்தியார் மகன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் போகிறவன், ஆகவே விஷயம் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு மரியாதை. அவனிடம் போனேன்.

“உனக்கு ஏன்டா தாத்தா பேரு வெக்கல?”

“எங்க வீட்ல பைபிள்லேர்ந்துதான்டா எடுப்பாங்க.”

“அப்ப உங்க வூட்டை யாருடா அழிப்பா?”

அவன் என் கோலியில் ஒன்றைத் தொடையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

“எங்களுது வாடகை வீடுடா. ஒரு ஆணி அடிச்சாலே ஓனர் திட்டுவாரு.”

எனக்கு ஞானம் பிறந்தது அங்கேதான். சொந்த வீடு இல்லாதவனால் அதை அழிக்க முடியாது. என்னிடம் வந்து சேருவதற்கு முன்னால் வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துத் தொலைத்துவிட்டால் போதும். யாருக்கு? அப்பாவின் தம்பி, பம்மலில் குடியிருந்த சித்தப்பா, ஏற்கெனவே சில்க் சட்டை போடுகிறவர். அவரிடம் கொடுப்பது ஆபத்து. அத்தைதான் சரி என்று தோன்றியது. அவள் படித்த எந்த நாவலிலும் ஒரு அத்தை வீட்டை அழித்ததில்லை. அந்தப் புத்தகங்களில் அத்தைகள் சாமிக்கு விளக்கேற்றுவார்கள், மருமகளைக் குறை சொல்லுவார்கள், நடுவில் எங்கேயோ ஒரு பக்கத்தில் செத்துப்போவார்கள்.

சரி, வீட்டைக் கொடுக்கிற அதிகாரம் பத்து வயதுப் பையனுக்கு எங்கிருந்து வரும்? எங்கள் வீட்டில் வருஷத்தில் ஒரு வேளை வரும்.

தாத்தா இறந்த நாளில் அவர் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படையல் வைப்பார்கள். காக்காய்க்கு வைத்து, கற்பூரம் காட்டியானதும், அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன் அவர் பெயரைக் கொண்டவன். அந்த இலையை மடிக்கும்வரை அவன்தான் தாத்தா. பெரியவர்கள் அவன் கையால் திருநீறு வாங்கிக்கொள்வார்கள். விளையாட்டும் பயமும் கலந்த ஒரு பழக்கம். அப்பா எனக்கு முன்னால் குனிந்து நிற்கிற ஒரே நாள் அதுதான்.

அந்த வருஷமும் உட்கார்ந்தேன். கருவாட்டுக் குழம்பு, முட்டை, வடை, பாயசம். இலைக்கு எதிரே தாத்தாவின் சுருட்டும், ஒரு குவார்ட்டர் பிராந்தியும். மற்ற மூன்றாவது ஆட்கள் தேடிப்போய்க் கெடுகிறார்கள், எனக்கு இலை போட்டுப் பரிமாறுகிறார்களே! தாமதித்தால் காரியம் கெட்டுவிடும் என்று புரிந்தது.

அப்பா திருநீறு வாங்கினார். சித்தப்பா வாங்கினார். இருவரும் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவரவர் இலையில் உட்கார்ந்தார்கள். அத்தை பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டு, கரண்டியோடு அப்படியே எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

“ஏன் யப்பா, மேக்கால நெலம் பெரியவனுக்கு, கெணத்தங்கரை சின்னவனுக்குன்னு எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க. எனக்கு இன்னா வெச்சிட்டுப் போன?”

சித்தப்பா சிரித்தார். “கேளு, கேளு. வடைல பாதி வெச்சிட்டுப் போவாரு, இன்னும் இன்னா?”

நான் எழுந்து நின்றேன். இதைச் சொல்ல நிற்க வேண்டும் என்று ஏனோ தோன்றியது.

“வூடு, நெலம், கெணறு எல்லாம் உனக்குத்தான். இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கெடையாது.”

சரியாக அந்தச் சமயத்தில் ஒரு விமானம் வந்து தொலைந்தது. வீடு அதிர்ந்து அடங்கியது. சித்தப்பாவின் கண் என்னைத் தாண்டிச் சுவருக்குப் போய் அங்கேயே நின்றது. திரும்பிப் பார்த்தேன். தாத்தா தலையை ஆட்டிவிட்டுச் சாய்ந்திருந்தார்.

சித்தப்பா அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். விமானம் வந்தால் படம் சாயும் என்று அவருக்குத் தெரியாதா? இருந்தும் அவர் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

“யாரு சொல்லிக் குடுத்தது இவனுக்கு?” என்று அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

“எங்கப்பா பேசறாரு. நடுவுல நீ யாரு?”

“வெளையாடாத.”

“யாரு சின்னண்ணா வெளையாடுனது? இலைல ஒக்கார வெச்சு துந்நூறு வாங்குனது நீ. இப்ப அவரு பேசுனா மட்டும் சின்னப் பையனா?”

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ‘டேய் இவனே’ தயாராக இருந்தது. ஆனால் இலை விரிந்திருக்கும்போது சொல்ல முடியாது, அவருடைய அப்பனாயிற்றே. அப்போதுதான் என் நிலைமை எனக்கு உறைத்தது. இலையை மடிக்கும்வரை நான் தாத்தா. மடித்தால் மறு நிமிஷம் பத்து வயதுப் பையன், பிரம்பு கதவுக்குப் பின்னால்.

ஆகவே நான் மடிக்கவில்லை. உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். ரசம் கேட்டேன். மோர் ஊற்றச் சொல்லிவிட்டு, ஞாபகம் வந்ததுபோல மறுபடியும் குழம்பு கேட்டேன். பாயசத்தை விரலால் தொட்டுத் தொட்டு நக்கினேன். அப்பாவும் சித்தப்பாவும் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தா எழுந்திருக்காமல் பிள்ளைகள் எழுந்திருக்கக் கூடாது. அம்மா அடுப்படி வாசலிலிருந்து கண்ணால் கெஞ்சினாள். ‘எழுந்திருடா’ என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. வயிறு முரசு மாதிரி ஆகிவிட்டது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுவதற்கு இவ்வளவு தின்ன வேண்டியிருக்கும் என்று எந்த நாவலிலும் எழுதியிருக்கவில்லை.

அத்தை மட்டும் என்னை விட்டு நகரவில்லை. கேட்டதையெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தாள். யாராவது வாயைத் திறந்தால், “எங்கப்பா இன்னும் சாப்புடறாரு” என்றாள்.

கடைசியில் விக்கல் வந்தது. அதற்கு மேல் தாத்தாவாலும் முடியவில்லை. அத்தையே இலையை மடித்தாள், என் கையைப் பிடித்து நேரே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் அப்பா எழுந்து நின்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் வழிவிட்டார்.

வாளித் தண்ணீரில் என் கையைக் கழுவிவிட்டுக்கொண்டே கேட்டாள்.

“நெசமாத்தான் சொன்னியா?”

“நெசமாத்தான். எனக்கு வூடு வேணாம் அத்தை.”

“ஏன்?”

“எனக்குத் தாத்தா பேரு வெச்சிட்டாங்க இல்ல? நான் அழிச்சிடுவேன்.”

அத்தை வாளியைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். வெகுநேரம் சிரித்ததால் நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே சித்தப்பா சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் என்னை அடிக்கவில்லை. பத்து வயதில் அதற்குக் காரணம் என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த வருஷம் வீடு விற்கப்பட்டது. நிலமும் போயிற்று. தட்டுமுட்டுச் சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றுகிறபோது நான் தெருமுனையில் ஒளிந்துகொண்டு பார்த்தேன். தப்பிப்பதற்கென்று செய்த காரியமே வீட்டை வீழ்த்திவிட்டது, நாவல்கள் பொய் சொல்லவில்லை, கோதண்டம் சாதித்துவிட்டான் என்று பல வருஷங்கள் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றாவது ஆட்களெல்லாம் முப்பது வயதில் செய்ததை நான் பத்து வயதில் முடித்துவிட்டேனே.

விஷயம் எனக்குத் தெரியவந்தது கல்லூரிக்குப் போன பிறகு, அம்மா வாயால். உயில் எழுதாமல் இறந்துபோன ஒருவர் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. சட்டம் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அதைத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அத்தை. தாத்தா இறந்த நாளிலிருந்தே அவள் அண்ணன்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகட்டும் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னபோது அதையும் பார்க்கலாம் என்றார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் அன்று படையல் இலையில் உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டாள். அது விளையாட்டுக் கேள்வி இல்லை.

படையல் முடிந்த மறுவாரம் அவள் தாம்பரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்து நோட்டீஸ் அனுப்பினாள். பங்கு என்ற பேச்சு வந்ததும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தங்கள் பங்கும் தனியாக வேண்டியிருந்தது. மூன்று பேரும் ஒத்துக்கொண்டு விற்றார்கள். ரிஜிஸ்டர் ஆபீஸில் அப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அத்தை தன் பங்கில் சேலையூரில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை வாங்கிக் குடிபோனாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.